பழைய காரும் ஒரு சொத்துத்தான்

பெண்களுக்குரிய சொத்து என்று எமது சமூகத்தில் பேசும்போது வீடு, காணி, நகை ஆகிய மூன்றையுமே பெரும்பாலும் குறிப்பிடுவார்கள். சீதனப் பேச்சிலும் சரி, கணவன் இறந்தபின் நடக்கும் பங்கீட்டுப் பேச்சிலும் சரி, இந்த மூன்றுக்கும் கணக்கு இருக்கும். வளவின் மூலையில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் பழைய காருக்கு அந்தக் கணக்கில் இடமிருப்பதில்லை. அது "அவற்ற கார்". அவர் போனபின் அது யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை. "உதை வைச்சு என்ன செய்யப்போறியள், இரும்புக்காவது போகட்டும்" என்று யாராவது வந்து சொல்லும்வரை அது அங்கேயே நிற்கும்.

திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், கல்வியங்காடு ஆகிய இடங்களில் தனித்து வாழும் முதிய பெண்களின் வீடுகளுக்குப் போய்வருவது ஒரு சமூகப் பணியாளர் என்ற வகையில் எனது வேலையின் ஒரு பகுதி. பிள்ளைகள் கனடாவிலோ இலண்டனிலோ இருப்பார்கள். வீடு பெரிதாக இருக்கும். கையில் புழங்கும் காசு சிறிதாக இருக்கும். இப்படியான வீடுகள் சிலவற்றில் ஒஸ்ரின் கார்களையும் மொறிஸ் மைனர் கார்களையும் கண்டிருக்கிறேன். அவற்றுள் ஒன்று 2023 இல் கைமாறியபோது அந்த வீட்டு அம்மாவுடன் கூடவே இருந்தேன். அந்த அனுபவத்தை எமது வாசகிகளுடன் பகிர்ந்துகொள்வது பயனுடையது என்று நினைக்கிறேன்.

எம்மூர்க் கார்கள் மிஞ்சிய கதை

யாழ்ப்பாணத்தில் பழைய ஆங்கிலக் கார்கள் இத்தனை காலம் ஓடியதற்குக் காரணங்கள் உண்டு. இலங்கையில் 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை, இருந்த கார்களைத் திருத்தித் திருத்தி ஓடுவதைத் தவிர மக்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. அதன் பின்னர் யப்பானியக் கார்கள் வந்து தென்னிலங்கை வீதிகளை நிறைத்தன. எமக்கோ போர் வந்தது.

1990 முதல் 1995 வரையான பொருளாதாரத் தடைக் காலத்தை எமது தாய்மார் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடு. அப்போது வாடகைக்கு ஓடியவை ஒஸ்ரின் ஏ-40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற கார்களே. அவை மண்ணெண்ணெயில் ஓடின. முதலில் சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சத்தைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை இயக்குவார்கள். இயந்திரம் நன்றாகச் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய இயந்திரங்களில் எரிபொருளும் காற்றும் அழுத்தப்படும் அளவு குறைவு. அதனால் அவை மண்ணெண்ணெயைத் தாங்கிக்கொண்டன. புதிய யப்பானிய இயந்திரங்கள் தட்டத் தொடங்கிவிடும். ஆனாலும் எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் கீழே வடிந்து ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அடிக்கடி ஒயில் மாற்றி, கரிபிடித்த பிளக்கைக் கழற்றித் துப்புரவு செய்யாவிட்டால் கார் நின்றுவிடும்.

பிரசவத்துக்குப் போன தாய்மாரும், காயப்பட்டவர்களும், கலியாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தப் புகைக்குள்தான் பயணம் செய்தார்கள். இன்று நாற்பது வயதை அண்மித்த எம்மில் பலர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதற் பயணமும் அப்படியானதுதான்.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டதும், தெற்கிலிருந்து பழைய கார்களைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 2006 ஓகஸ்ற்றில் வீதி மூடப்பட்டதோடு அது நின்றது. 2009 இன் பின்னர் மீண்டும் தொடங்கியது. கொழும்பில் இத்தகைய ஆர்வலர்களுக்கென்று கழகங்கள் உண்டு. அவர்கள் தேடுவது ஓடித்திரிய ஒரு வாகனத்தை அல்ல. தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ, இயன்றவரை அப்படியே இருக்கும் காரைத்தான். யாழ்ப்பாணத்தில் அப்படியான கார்கள் கொட்டகைகளுக்குள் இருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவற்றின் பெறுமதி கொட்டகைக்குச் சொந்தக்காரிகளுக்குத் தெரியவில்லை.

ரீச்சரின் மொறிஸ் மைனர்

நான் சொல்ல வந்த அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊரில் எல்லோருக்கும் அவர் "ரீச்சர்"தான். எனக்கும் அப்படித்தான். திருநெல்வேலிச் சந்தையிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் வீடு. 1970 இல் திருமணம். 1974 இல் கணவர் இந்தக் காரை ஒரு வைத்தியரிடமிருந்து வாங்கினார். காசு போதாமல் போனபோது ரீச்சரின் இரண்டு சோடிக் காப்புகள் அடைவுக்குப் போயின. "காப்பு திரும்பி வரேல்லை பிள்ளை, கார்தான் வந்தது" என்று சிரித்துக்கொண்டு சொல்வார்.

அது 1955 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். இலண்டன் வாகனக் கண்காட்சியில் 1948 இல் அறிமுகமாகி 1971 வரை உற்பத்தியான கார் இது. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரின் வடிவமைப்பு. பின்னாளில் "மினி" காரை வடிவமைத்தவரும் அவரே. மொத்தம் 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் உற்பத்தியாகின. பிரித்தானியாவில் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் எட்டிய காரும் இதுதான். 1956 இல் முன்கண்ணாடி ஒரே துண்டாக மாற்றப்பட்டது. ரீச்சரின் கார் அதற்கு முந்தியது என்பதால் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருக்கும். இயந்திரம் 803 சி.சி. திரும்பும் பக்கத்தைக் காட்டுவதற்குச் சிமிட்டும் விளக்கு இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறிய கை வெளியே நீளும். இலக்கத்தகடு ஆங்கில எழுத்தில் தொடங்கும். அதாவது, 1950களின் பிற்பகுதியில் சிங்கள "ஸ்ரீ" எழுத்து இலக்கத்தகட்டுக்கு வந்து, அதற்கெதிராக வடக்கில் போராட்டம் நடந்த காலத்துக்கு முந்திய இலக்கம்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது இந்தக் காரும் தென்மராட்சிக்குப் போனது. முன்னால் கணவரும் அவருடைய வயது போன தாயாரும். பின்னால் அயல்வீட்டுக் கர்ப்பிணிப் பெண்ணும் இரண்டு பிள்ளைகளும். ரீச்சருக்கு இடமில்லை. சனத்தோடு சனமாக, காருக்குப் பக்கத்தில் கைபிடித்து நடந்தே போனார். கார் நடப்பவர்களின் வேகத்தில்தான் போகமுடிந்தது என்பதால் இருவரும் பிரியவில்லை.

கணவர் 2015 இல் காலமானார். அதன் பின்னர்தான் எனக்கு ரீச்சரின் பழக்கம் ஏற்பட்டது. சனிக்கிழமைகளில் போனால் அவர் கொட்டகையடியில்தான் நிற்பார். கழற்றி வைத்த பற்றரிக் கம்பியைப் பூட்டி, ஒயிலும் தண்ணீரும் பார்த்து, இயந்திரத்தை இயக்கிப் பதினைந்து நிமிடம் ஓடவிடுவார். பிறகு வளவுக்குள் முன்னும் பின்னுமாக ஓட்டி, சில்லுகள் ஒரே இடத்தில் அழுந்தாமல் சற்றுத் தள்ளி நிறுத்துவார். வீதியில் அவர் ஒருநாளும் ஓட்டியதில்லை. எலி கூடு கட்டாமல் இருக்கையின் கீழே பார்ப்பார். செம்மண் தூசியை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைப்பார். அதன் பிறகு ஒரு கொப்பியை எடுத்து அன்றைய திகதியைப் போட்டு எழுதுவார்.

அந்தக் கொப்பி கணவர் தொடங்கியது. 1974 முதல் ஒவ்வொரு திருத்தமும், மாற்றிய ஒவ்வொரு உதிரிப்பாகமும், கொடுத்த காசும் அதில் உண்டு. மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில் ஒயில் மாற்றிய திகதிகளும் உண்டு. 2015 இன் நடுவில் கையெழுத்து மாறுகிறது. சாய்ந்த எழுத்து நின்று, கரும்பலகையில் எழுதிப் பழகிய நேரான எழுத்துத் தொடங்குகிறது.

மூன்று விலைகள்

2022 இன் பொருளாதார நெருக்கடி ரீச்சரையும் விட்டுவைக்கவில்லை. ஓய்வூதியமும் வங்கியிலிருந்த சிறு வைப்பும் விலைவாசிக்கு முன் கரைந்தன. ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. மழைக்கு முன் கூரையும் மாற்றவேண்டியிருந்தது. மகன் கனடாவிலிருந்து அனுப்புவார். ஆனால் ஒவ்வொரு தேவைக்கும் தொலைபேசியில் கேட்பது ரீச்சருக்குப் பிடிக்கவில்லை. "நான் முப்பத்திமூண்டு வருசம் உழைச்ச மனுசி. கேட்டு வாங்கிச் சாப்பிட எனக்கு ஏலாது" என்றார். காரை விற்பது என்பது அவரே எடுத்த தீர்மானம்.

எதிர்ப்பு வந்தது மகனிடமிருந்து. "அப்பான்ர நினைவா இருக்கிறது அது ஒண்டுதான் அம்மா, விக்காதேங்கோ" என்றார். அன்பினால் சொன்ன வார்த்தைதான். ஆனால் அந்த நினைவுக்கு ஒயில் விடுவதும் தூசி தட்டுவதும் எழுபத்தேழு வயதான தாய் என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. சமூகவியல் படித்த காலத்தில் வீட்டுக்குள் பெண்கள் செய்யும் பராமரிப்பு வேலை எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை என்று படித்திருக்கிறேன். சமையலும் பிள்ளை வளர்ப்பும்தான் அதற்கு உதாரணமாகச் சொல்லப்படும். கார் ஒன்றைப் பராமரிப்பதும் அதில் அடங்கும் என்பதை ரீச்சரின் கொட்டகையில்தான் கண்டேன். "நீ வந்து கொண்டுபோய் வைச்சிரு தம்பி, நான் சும்மாவே தாறன்" என்று ரீச்சர் சொன்னபோது மகனிடம் பதில் இருக்கவில்லை. ஒரு கிழமை கழித்து அவரே சம்மதம் சொன்னார்.

முதலில் வந்தவர் ஊர்த் தரகர். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பழைய இரும்பு அம்மா. உங்களுக்காண்டித்தான் எடுக்கிறன்" என்று ஒரு விலை சொன்னார். ரீச்சர் ஒன்றும் பேசாமல் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இரண்டாமவர் வெளிமாவட்டத்து வியாபாரி. தரகர் சொன்னதைப்போல நான்கு மடங்கு தருவதாகச் சொன்னார். காரை வெட்டி, கூரையை எடுத்து, கலியாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடப்போவதாகவும் மறைக்காமல் கூறினார். யப்பான் இயந்திரம் பூட்டினால் வில்லங்கமில்லை என்றார். அவரில் பிழை சொல்ல முடியாது. காசு கொடுத்து வாங்குபவர் தன் விருப்பப்படி செய்வார்.

மூன்றாமவர் கண்டியைச் சேர்ந்த சிங்களவர். ஹற்றனில் வேலை செய்த காலத்தில் பழகிய தமிழ் பேசினார். அவரிடம் ஏற்கெனவே ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் சொன்ன விலை தரகர் சொன்னதைப்போல மூன்று மடங்குக்குச் சற்று மேல். வியாபாரியின் விலையிலும் குறைவு.

வாங்க வந்தவர் கேட்ட கேள்வி

அவர் காரைப் பார்த்த விதத்தைச் சொல்லவேண்டும். முதலில் தொடவில்லை. சுற்றி நடந்தார். பிறகு ரீச்சரிடம் அனுமதி கேட்டு முன்மூடியைத் திறந்து, இயந்திர இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தின. கதவின் கீழ்விளிம்பையும் நிலத்தட்டையும் கம்பளத்தைத் தூக்கித் துரு பார்த்தார். கை நீட்டும் காட்டி வேலை செய்கிறதா என்று பார்த்தார். வலது பக்கத்தது நீண்டது. இடது பக்கத்தது பாதியில் நின்றது. "அது மழைக்காலத்தில அப்பிடித்தான். துருவில்லை, ஈரம். ரெண்டு சொட்டு மெல்லிய ஒயில் விட்டால் வரும்" என்றார் ரீச்சர். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசி எட்டு வருசம் இத யாருங்க பாத்துக்கிட்டது?" என்று கேட்டார்.

ரீச்சர் கொப்பியைக் கொடுத்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் திகதிகளும் இலக்கங்களும் விளங்கின. கையெழுத்து மாறிய இடத்தில் விரலை வைத்து ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர் தலையசைத்தார். அதன் பிறகு ஒரு மணித்தியாலம் இருவரும் பேசியதில் எனக்குப் பாதி விளங்கவில்லை. காபரேற்றர், ரேடியேற்றர்க் குழாய், பிறேக் சிலிண்டர் இறுகாமல் வைத்திருக்கும் வழி, முன் சில்லுக்குக் கிறீஸ் அடிக்கவேண்டிய இடங்கள். மொறிஸ் மைனரின் உதிரிப்பாகங்களைத் தென்னிலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்த தொழிற்சாலை ஒன்று 1990களில் இயங்கியதை அவர் சொன்னார். "நாங்கள் இஞ்ச மண்ணெண்ணெயில ஓடின நேரம், நீங்கள் அங்க பாட்ஸ் செய்து வெள்ளைக்காரனுக்கு அனுப்பியிருக்கிறியள்" என்று ரீச்சர் சொல்ல, அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஓய்ந்த பிறகு சற்று நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

பழைய கார் ஆர்வலர் என்றால் ஒரு ஆண், கையில் சாவி, பக்கத்தில் கார், அவரோடு ஒரு புகைப்படம் என்பதுதான் எம் மனதில் வரும் காட்சி. அன்று அந்தக் கொட்டகையில் ஒரு ஆர்வலர் இன்னொரு ஆர்வலருக்குக் காரை விற்றுக்கொண்டிருந்தார். விற்றவர் ஒரு பெண் என்பதும், அவரை அதுவரை யாரும் அந்தப் பெயரால் அழைத்ததில்லை என்பதும்தான் வித்தியாசம்.

ரீச்சர் உடனே சம்மதிக்கவில்லை. வியாபாரியின் விலை கூடுதல் என்பதை வெளிப்படையாகச் சொன்னார். அவர் யோசித்து விலையை உயர்த்தினார். இன்னமும் வியாபாரியின் விலைக்குக் கீழேதான் இருந்தது. ரீச்சர் ஒரு கடதாசியில் கண் சத்திரசிகிச்சைக்கும் கூரைக்கும் தேவையானதைக் கூட்டினார். காணும். மிச்சமும் வரும். "எனக்குத் தேவையானது வந்திட்டுது. மிச்சத்துக்காக இதை வெட்டக் குடுக்க மனமில்லை" என்றார்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். குறைந்த விலைக்கு விற்பது பெருந்தன்மை என்று நான் சொல்லவரவில்லை. ரீச்சருக்கு மூன்று விலைகளும் தெரிந்திருந்தன. தன் தேவை எவ்வளவு என்பதும் தெரிந்திருந்தது. அதன் பிறகு அவர் விட்டுக்கொடுத்த தொகை அவரே தெரிந்து விட்டுக்கொடுத்தது. விலை தெரியாமல் தரகரிடம் இழப்பதும், தெரிந்துகொண்டு நல்ல கையில் கொடுப்பதும் ஒன்றல்ல.

காருக்கு ஏதாவது நிபந்தனை உண்டா என்று வாங்குபவரின் மனைவி கேட்டார். "வித்த பிறகு உத்தரவு போடேலாது பிள்ளை. ஓடாமல் மட்டும் விட்டிடாதேங்கோ" என்றார் ரீச்சர். கொப்பியை அவர்கள் கேட்டபோதுதான் சற்றுத் தயங்கினார். மறுநாள் பல்கலைக்கழகத்தடியிலுள்ள கடையொன்றில் முழுக் கொப்பியையும் போட்டோப் பிரதி எடுப்பித்தோம். பிரதி ரீச்சரின் அலுமாரிக்குள் போனது. அசல் கொப்பி காரோடு போனது. "எழுதினது காருக்காக. அது காரோடதான் இருக்கவேணும்" என்பது அவருடைய முடிவு.

காகிதங்கள்தான் கைகொடுத்தன

இந்த விற்பனை சிக்கலின்றி முடிந்ததற்குக் காரணம் 2016 இலேயே ரீச்சர் ஒரு சட்டத்தரணியைக் கண்டு, இரு பிள்ளைகளின் எழுத்துமூலச் சம்மதத்தோடு காரைத் தனது பெயருக்கு மாற்றியிருந்தமைதான். 2022 இல் கியூ.ஆர். முறையில் எரிபொருள் பங்கிடப்பட்டபோது, காகிதம் சரியில்லாத வாகனக்காரர் பட்ட பாட்டை நாம் கண்டோம். ரீச்சரின் காருக்குக் குறியீடு முதற் கிழமையிலேயே கிடைத்தது.

வீட்டில் பழைய கார் வைத்திருக்கும் சகோதரிகள் பின்வருவனவற்றைக் கவனிப்பது நல்லது.

முதலாவது, பதிவுப் புத்தகம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பல வீடுகளில் அது கணவரின் பெயரிற்கூட இருப்பதில்லை. அவருக்கு விற்றவரின் பெயரிலோ, அதற்கும் முந்தியவரின் பெயரிலோ இருக்கும். உரியவர்கள் உயிரோடும் ஊரோடும் இருக்கும்போதே அதைச் சீர்செய்யவேண்டும்.

இரண்டாவது, உங்கள் உரிமையை அறிந்துகொள்ளுங்கள். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணொருத்தி, 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரிமை வழிக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி போன்ற அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் பெறவேண்டும். ஆனால் தன் சொந்த அசையும் சொத்தை அச்சம்மதமின்றியே விற்கலாம். கார் அசையும் சொத்து. உங்கள் பெயரில் இருக்கும் கார் உங்களுடையதே. கணவரின் பெயரில் இருந்து அவர் இறந்திருந்தால், அது அவருடைய மரணச் சொத்தில் சேரும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. சொத்தின் பெறுமதியைப் பொறுத்து நீதிமன்ற நடவடிக்கையும் தேவைப்படலாம். சட்டத்தரணியின் ஆலோசனையைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கணவர் காணாமலாக்கப்பட்ட சகோதரிகளின் நிலை. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாததாலேயே எந்தக் காகிதத்தையும் அசைக்க முடியாமல் இருப்பவர்கள் எம்மிடையே உள்ளனர். 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், இறந்தார் என்று பதியாமல் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெற வழி செய்யப்பட்டது. அதைக் கொண்டு குடும்பத்தின் சொத்து விடயங்களைக் கவனிக்க முடியும்.

நான்காவது, திறந்த கையெழுத்து வைக்காதீர்கள். வாங்குபவரின் பெயரை எழுதாமல் படிவத்தில் உங்களிடம் கையொப்பம் மட்டும் வாங்கிக்கொண்டு, காரைக் கொண்டுபோய்ப் பலர் கைமாற்றுவார்கள். பதிவில் நீங்களே உரிமையாளராக இருப்பீர்கள். எங்கோ நடக்கும் விபத்துக்கோ குற்றத்துக்கோ பொலிஸ் உங்கள் படலையைத்தான் தட்டும். உரிமை மாற்றத்துக்குப் புதிய உரிமையாளரின் எம்.டி.ஏ. 6 படிவமும் பழைய உரிமையாளரின் எம்.டி.ஏ. 8 படிவமும் உண்டு. இரண்டையும் பூரணமாக நிரப்பி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத் தாமதமின்றி அறிவித்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ரீச்சர் கைமாற்றிய திகதியோடு நேரத்தையும் எழுதி, இருவரின் அடையாள அட்டைப் பிரதியோடு இணைத்து வைத்தார்.

ஐந்தாவது, காசு வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த பிறகே புத்தகத்தைக் கொடுங்கள். ரீச்சரும் வாங்கியவரும் வங்கிக்கே ஒன்றாகப் போனார்கள். நல்ல மனிதர் என்று தெரிந்தும் அப்படித்தான் செய்தார்கள். அவரும் அதை மரியாதைக் குறைவாக எடுக்கவில்லை.

ஆறாவது, விலை சொல்லுமுன் உங்கள் பொருளை நீங்களே அறிந்துகொள்ளுங்கள். ஆண்டு, வகை, இயந்திர இலக்கம் புத்தகத்தோடு பொருந்துகிறதா, மூல இயந்திரமா மாற்றியதா, விளக்கு, சில்லு மூடி, ஜக், இயந்திரத்தைச் சுழற்றும் கம்பி ஆகியவை இருக்கின்றனவா என்று எழுதிவையுங்கள். கழற்றி மூலையில் போட்ட துண்டுகளை இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். ஒரு சில்லு மூடியைத் தேடி வருடக்கணக்கில் அலைபவர்கள் இருக்கிறார்கள். குறைந்தது மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது எல்லா வாகனங்களின் விலையும் ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அன்றாடம் ஓடும் வாகனத்தின் விலை இதனால் ஏறி இறங்கும். மூலநிலையில் பேணப்பட்ட பழைய காரின் பெறுமதி அதன் பேணலில்தான் தங்கியிருக்கிறது. அந்தப் பேணலைச் செய்தவர் பெரும்பாலும் நீங்கள்தான்.

பேணியவருக்கும் பங்குண்டு

ரீச்சரின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கூரையும் மாறியது. மிச்சக் காசு அவருடைய பெயரிலேயே வைப்பில் இருக்கிறது. இவை எல்லாம் நடந்தது கார் இருந்ததால் மட்டுமல்ல. காரைக் கெடாமல் வைத்திருந்த கையும், காகிதத்தைச் சரியாக வைத்திருந்த தெளிவும், விலையை விசாரித்த துணிவும் அவரிடம் இருந்தமையால் நடந்தது.

எமது வீடுகளில் தையல் இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம், உழவு இயந்திரம், கார் என்று எத்தனையோ பொருட்கள் ஆண்களின் பெயரில் இருக்கின்றன. அவை நீடித்து உழைப்பதற்குப் பின்னால் பெண்களின் கை இருக்கிறது. போரும் இடப்பெயர்வும் கடந்து ஒரு பொருள் எம்மிடம் மிஞ்சியிருக்கிறது என்றால், அதைத் தூக்கிச் சுமந்தவர்களும் துடைத்து வைத்தவர்களும் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும். அதை விற்பதா வைத்திருப்பதா என்ற தீர்மானத்தில் அவர்களுக்கு முதலிடம் கொடுக்கவேண்டும்.

சகோதரிகளே, உங்கள் வளவில் பழைய கார் ஒன்று நின்றால் இந்தக் கிழமையே ஒரு கொப்பி வாங்குங்கள். முதற் பக்கத்தில் காரின் விபரத்தையும் பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரையும் எழுதுங்கள். இரண்டாம் பக்கத்திலிருந்து நீங்கள் செய்யும் வேலையை எழுதுங்கள். திகதி போட மறக்கவேண்டாம்.